யார்டுக்கு வந்த பெரிய எஞ்சின்

விரல்களில் தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடிக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை; மறுபடி போட மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் தையல் மிஷினே கிடையாது. இது உமது பழைய டீசல் எஞ்சினுக்கு விட்ட எண்ணெய். நேற்றுதான் அதை ஜனக்புரியில் உம் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன்.

ஊரை விட்டு வடக்கே வந்து நாம் இருவரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம். திருச்சிக்காரனான எனக்கு 'நீர்', 'உமக்கு' எல்லாம் தெற்கத்திக்காரரான உம்மிடமிருந்து ஒட்டிக்கொண்டவை. லீவு நாளானால் உம் வீட்டில்தான் கிடப்பேன். கண்ணாடி போட்டு மூடிய பால்கனி முழுவதும் ஒரே பலகை. அதன்மேல் தண்டவாளம், சிக்னல், சரக்கு யார்டு, விரல் நீள வண்டிகள். பொம்மை ரயில் என்று சொல்லிவிட்டால் போச்சு. "மாடல் வே, மாடல்! பொம்மைங்கிறது உம்ம வீட்ல ஷோகேஸ்ல இருக்குமே, அது."

அந்த எஞ்சின் ஒரு காலத்தில் உமது எக்ஸ்பிரஸை இழுத்தது. நீர் புதிதாக மின்சார எஞ்சின் வாங்கிய அன்று, பழையதை யாருக்காவது கொடுத்துவிட்டு, யார்டில் வண்டிகளை நகர்த்திச் சேர்க்கச் சின்னதாக ஒரு ஷண்டிங் எஞ்சின் வாங்கும் என்றேன். உமக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னவே பேசுதீரு? நிஜ ரயில்லயே மெயின் லைன்ல ஓடி ஓய்ஞ்சதத்தானே ஷண்டிங்குக்கு விடுதான்? வேகம் போனா தெம்புமா போச்சு?"

பழையதையே யார்டுக்கு விட்டீர். தெம்பு இருந்தது, இடம்தான் போதவில்லை. யார்டின் கடைசி லைனில் வளைவு அதிகம். அவ்வளவு நீள எஞ்சின் அங்கே நுழைந்தால் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். அதனால் நடுவில் காலி வண்டிகளைக் கோத்து, அவற்றை உள்ளே தள்ளி, நிற்கும் வண்டியைப் பிடித்து இழுப்பீர். கையால் எடுத்து வைத்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் உமது சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. "மேல இருந்து கை வரக்கூடாது வே. வந்தா அது ரயில் இல்ல."

எஞ்சினின் நீண்ட மூக்கு முன்னால் மறைப்பதால் டிரைவருக்கு வழி தெரியாதாம். அதற்காக நீர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, பலகை மட்டத்துக்குக் கண்ணை இறக்கிக்கொண்டு எஞ்சினை ஓட்டும் குமிழைத் திருப்புவீர். எதிர்முனையில் நின்று "வரலாம்... வரலாம்... மெல்ல... நில்லும்!" என்று குரல் கொடுப்பது என் வேலை. வயசான இரண்டு பேர் செய்கிற காரியமா இது? எனக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை வாய்த்ததில்லை.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஊர் ஊராகப் போகும் டியூட்டி உமக்கு நின்றது. படுக்கையறை, பால்கனி, மருந்து அவ்வளவுதான். "நானும் யார்டுக்கு வந்தாச்சு வே," என்று சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள் உம்மை நாற்காலியோடு தூக்கினார்கள். லிஃப்ட் இல்லாத வீடு. மாடிப்படித் திருப்பத்தில் என்னைப் பார்த்து, "கை வந்துட்டு வே," என்றீர். அதுதான் நீர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை.

நீர் போனபிறகு, உம் மனைவி கிரேஸ் அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கப் புனேக்குப் போகிறார். "பழைய சாமான் எடுக்குத கபாடிக்காரன்ட்ட போட மனசு வரல, அண்ணே. நீங்களே எடுத்துக்கோங்க," என்று போன் செய்தார். அட்டைப்பெட்டிகளோடு போனேன். முதல் வண்டியைத் தூக்கக் கை நீட்டினேன், முடியவில்லை. தண்டவாளத்தைத் துடைத்து, எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு, எதிர்முனைக்குப் போனபிறகுதான் குமிழைத் திருப்ப ஆளில்லை என்பது உறைத்தது.

அக்கா வந்து உமது ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க, நான் திருப்புதேன். எத்தன வருசமா கேக்கேன் இந்தச் சத்தத்த!" நர்ஸ் வேலை பார்த்த கை, பதறவில்லை. முனகிக்கொண்டே எஞ்சின் ஒவ்வொரு வண்டியாகப் பலகை ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஓரத்துக்கு வந்ததை மட்டும் பேப்பரில் சுற்றி வைத்தேன். கடைசி லைனில் நின்ற டேங்கரையும் காலி வண்டிகளைக் கோத்தே இழுத்தோம். பிறகு அந்தக் காலி வண்டிகளும் பெட்டிக்குள் போயின.

எஞ்சின் தனியாக நின்றது. அக்கா குமிழை விட்டுக் கையை எடுத்தார்.

"இத யாரு கொண்டு வருவா, அண்ணே?"

நீர் இருந்தால் ஒரு வழி சொல்லியிருப்பீர். இரண்டு கைகளாலும் தூக்கினேன். மோட்டார் சூடாக இருந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என்னால் மூடிக்கொள்ள முடியவில்லை, கையில் எஞ்சின்.

பெட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. எஞ்சினை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஆசையாகப் பார்த்துவிட்டு, "சல்தா ஹை, அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஓடும்மா. நல்லா ஓடும்," என்று இந்தியில் சொன்னேன். யார் ஓட்டுவார் என்று, நல்லவேளை, அவள் கேட்கவில்லை.