நிலை பெயராமல் மூன்றடி

1958 மே 4, ஞாயிறு

காலையிலேயே மேகம். அல்சூர் ஏரிப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. போன வருஷம் மழையில் அக்கா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நான்தான் நீந்திப் போய் அரிசி மூட்டையைக் காப்பாற்றினேன். இந்த வருஷம் அக்கா மகள் சரோஜா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஒன்பதாம் மாதம். தண்ணீர் வந்தால் அவளை எங்கே படுக்க வைப்பது? வீட்டையே மூன்றடி தூக்கிவிடலாம் என்றேன்.

அக்கா: "தூக்கறதுக்கு அது இன்னா கூஜாவாடா?"

மே 6

சிவாஜிநகர் லாரி ஷெட்டிலிருந்து பாஷா பாயைக் கூட்டி வந்தேன். ஜாக்கி விஷயத்தில் மைசூர் ராஜ்யத்திலேயே அவருக்கு ஈடு இல்லை (எனக்கு அடுத்து). தூணைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஓட்டுக்கூரை, ஆறு தூணு, வாசல் நிலை, எல்லாம் ஒரே மரக்கூடு. சுவரு நடுவுல சொருகினதுதான், கூடவே வந்துடும். எழும்பும்." எனக்கு முன்பே தெரியும். மரியாதைக்காக வாய் திறக்கவில்லை.

செலவு: கல் இரண்டு வண்டி. செங்கல், சுண்ணாம்பு. உள்ளே கொட்ட மண், அது கணக்கில்லை. ஆள் கூலி, சாப்பாடு. ஜாக்கிக்கு பாய் வாடகை கேட்கவில்லை. மொத்தத்தைக் கேட்டு அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மே 8

புழுக்கம். பெரிய தகராறு. பணத்துக்காக இல்லை.

"பிள்ளைத்தாய்ச்சி இருக்கற வீட்ல நிலையைப் பேர்க்கக் கூடாது. குழந்தைக்கு ஆகாது. பிரசவம் ஆகட்டும், அப்புறம் தூக்கிக்கோ."

"அதுவரைக்கும் மழை காத்துக்கிட்டு இருக்குமா அக்கா?"

பாஷா பாய் நடுவில் வந்தார். "நக்கோ அக்கா, பயம் வேணாம், நிலையைக் கழட்டவே மாட்டோம். நிக்கற நிலை நின்னபடியே மேல போகும்."

"அசைஞ்சா?"

"நீங்களே கை வச்சுப் பாத்துக்கிட்டு நில்லுங்க. ஆடுதுன்னு சொன்னா அங்கேயே நிறுத்திடறேன்."

உள்ளேயிருந்து சரோஜா: "அம்மா, தண்ணியில காலை வச்சுக்கிட்டு என்னால பெத்துக்க முடியாது."

அக்கா எழுந்து போய் வாசல் நிலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "சரி, கை வச்சுப் பாக்கறேன்."

எதிர்வீட்டு ராஜம்மா விடுவாளா! "ஏன் மூணடியோட நிறுத்தறீங்க? விதான சௌதா உசரத்துக்கு ஏத்துங்களேன்!"

மே 10

சைக்கிளை விற்றேன். ரிப்பேருக்கு விட்டிருப்பதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நடை உடம்புக்கு நல்லது.

மே 13

நல்ல வெயில். எழுதக் கை ஓடவில்லை.

எட்டு ஜாக்கி, எட்டு ஆள், அதில் நான் ஒருவன். பாய் கை தட்டினால் ஜாக்கித் திருகில் கால் சுற்று. எல்லோரும் ஒரே சமயத்தில். மறுபடி தட்டினால் மறுபடி கால் சுற்று. மரம் முனகியது. ஒரு விரல் எழும்பியதும் அடியில் கட்டை கொடுத்தோம். ஆயிரம் பேர் கூடியிருப்பார்கள். கேலி பேசிய ராஜம்மாதான் சரோஜாவைத் தன் வீட்டு வாசலில் உட்கார்த்தி விசிறிக்கொண்டிருந்தாள்.

அக்கா நிலையில் பூசிய மஞ்சள் மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள். காலையில் கை நெஞ்சளவில். சோறு வேண்டாம் என்றுவிட்டாள். மதியம் கை முகத்துக்கு நேரே. சாயங்காலம் தலைக்கு மேல், நுனிக்காலில் நின்று எட்டிப் பிடித்திருந்தாள். ஒரு தடவைகூட "ஆடுது" என்று சொல்லவில்லை.

ஓடு ஒன்றுகூடச் சரியவில்லை. வீட்டுக்கு அடியில் வெளிச்சம்! குனிந்து பார்த்தால் பின்தெருவும் அங்கே மேய்கிற ஆடும் தெரிகின்றன. இதில் நான் எதுவும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

மே 20

தூறல். கல் கட்டி, மண் கொட்டி இடித்து இறுக்கியாயிற்று. படிக்கட்டுக்குப் பணம் இல்லை. பெஞ்சு போட்டு ஏறுகிறோம்.

மே 24

நேற்று ஆரம்பித்த மழை. காலை எட்டுக்கு, ஏரிக்கு ஓடும் ராஜகால்வாய் உடைத்துக்கொண்டது. தெருவில் தொடையளவு தண்ணீர் (வெளியில் கழுத்தளவு என்று சொல்வேன்). பெஞ்சு மிதந்து போய்விட்டது. சரோஜாவுக்கு வலி கண்டுவிட்டது.

மருத்துவச்சி மேரியம்மா தண்ணீரில் வந்து வாசலில் நின்றார். "ஏன்யா, வீட்டை ஏத்தினியே, படி எங்கே?"

"துட்டு தீர்ந்துபோச்சும்மா. முதுகு இருக்குது, ஏறுங்க."

குனிந்தேன். ஏறினார். கனமான அம்மாள். அவருக்குப் பின்னால் ராஜம்மா, இடுப்பில் பிள்ளை, கக்கத்தில் கோழி. "நானும் ஏறட்டுமா அண்ணா?" இதுவரை என்னை அண்ணா என்றதில்லை. பிறகு தெருப் பெண்கள் எல்லோரும். பிள்ளைகளோடு இருபத்திரண்டு பேர். இது எண்ணிய கணக்கு.

ஆண்களுக்கு உள்ளே வேலையில்லை. தண்ணீரிலேயே நின்றேன். வீட்டுத் தரைக்கு ஒரு சாண் கீழே கல்லில் மோதிக்கொண்டு போகிறது தண்ணீர். இரண்டு மணிக்கு அழுகைச் சத்தம். உள்ளே அத்தனை பெண்களும் ஒன்றாகக் குலவை போட்டார்கள்.

அக்கா துணியில் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்தாள். "பொண்ணுடா. நல்லா இருக்கா. பாத்துக்கோ."

அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் நான் எந்தக் குழந்தையையும் பார்த்ததில்லை.