வௌவாலுக்கும் ஒரு பாலாலயம்

உன் பெட்டியின் திருகில் இன்னும் விபூதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பற்றரி மாற்றுவதற்காக இன்று காலை அதை வெளியே எடுத்தேன். விபூதிப் பொட்டலம், குங்குமச் சிமிழ், ரயில் பாஸ் எல்லாவற்றோடும் இதையும் கைப்பைக்குள் போட்டு வைப்பாயே, அந்த வாசனை போகவே இல்லை. நம் காதுக்கு எட்டாத வௌவாலின் குரலை நமக்குக் கேட்கும்படி மாற்றித் தருகிற கருவி இது. விபூதி மணக்கும் வௌவால் கருவி லண்டனில் இது ஒன்றாகத்தான் இருக்கும். திருகு, சின்ன வௌவாலின் குரல் பிடிபடும் என்று நீ விட்டுப்போன நாற்பத்தைந்திலேயே நிற்கிறது. நான் மாற்றவில்லை.

இன்று மதியப் பூசை முடிந்ததும் கோவிலில் கூட்டம். அதற்குத்தான் எடுத்தேன். எதைப் பற்றிய கூட்டம் என்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீ அங்கிருந்தே சண்டைக்கு வருவாய்.

பிளேஸ்டோவில் பூட்டிக் கிடந்த பழைய மண்டபத்தை நம் ஆட்கள் வாங்கிப் பிள்ளையாரை வைத்தபோது அதைக் கழுவியவர்கள் நாம். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் நிலையத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு நீ வருவாய். கவுன்சிலில் மொழிபெயர்ப்பு வேலை முடித்துவிட்டு நான் வருவேன். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து, ஒரே அடுப்புக்காகச் சண்டை பிடித்துச் சிநேகிதமானவர்கள் நாம். அதனால் தும்புத்தடிக்கும் சண்டை பிடித்துக்கொண்டே கழுவினோம்.

குத்துவிளக்குகளைக் கூரைக்கடி லொஃப்டில் வைக்க ஏறியவள் அங்கேயே நின்றுவிட்டாய். கீழே இறங்கும்போது உள்ளங்கையில் கறுப்பாக ஏதோ வைத்திருந்தாய். எலிப் புழுக்கை, எறி என்றேன். நீ அதை விரலால் நசுக்கினாய். பொடிப்பொடியாக உதிர்ந்து மினுங்கியது. "எலியின்ரையெண்டா கல்லு மாதிரி இருக்கும். இது பூச்சி தின்னுற வௌவாலின்ரை. பூச்சிச் செட்டை, வடிவாப் பார்" என்றாய். வான்ஸ்டெட் வெளியில் கோடை மாலைகளில் வௌவால் பார்க்கப் போகும் வெள்ளைக்காரக் கிழவர் கூட்டத்தோடு நீயும் அலைவது எனக்குத் தெரியும். வேறு வேலை இல்லாதவள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது விளையாட்டில்லை என்று விளங்கியது.

நம் ஆட்களுக்கு வௌவால் என்றால் மாமரத்தில் தலைகீழாகத் தொங்கி, பழத்தைக் குதறி, முற்றத்தை நாறடிக்கிற பெரிய வௌவால்தான். கட்டைவிரல் பருமனில் ஒரு வௌவால் இருக்கும், அது ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், கோவில் கூரைக்குள் தாய்மார் எல்லாம் கூடிப் பிள்ளை பெறுவார்கள் என்று நீ சொன்னபோது நிர்வாக சபை சிரித்தது. சிரிப்பு நின்றது, நீ அடுத்ததைச் சொன்ன பிறகுதான். கும்பாபிஷேகத்துக்கு ஆனியில் நாள் வைத்து, அழைப்பிதழும் அடித்தாயிற்று. அதற்கு முதல் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும். குட்டிகள் பிறக்கும் காலமும் அதுதான். "கூரையில கை வைக்கேலாது" என்றாய்.

சபைத் தலைவரை உனக்குத் தெரியாதா, தன் கடையில் யாராவது கத்தரிக்காயை அமத்திப் பார்த்தாலே முகம் சிவக்கிறவர். அன்று முழங்கினார். "உனக்கென்ன விசரே? வேலைக்காரருக்குக் கூரையில ஒண்டும் தெரியேல்லை எண்டு சொன்னாச் சரி. தற்செயலா நடந்தாக் குற்றமில்லையாம். சட்டத்திலயே இருக்காம்."

இருந்தது. அதுதான் உன்னை எரித்தது. வௌவாலையும் அது குட்டி போடும் இடத்தையும் காக்கச் சொல்லி ஐரோப்பா சட்டம் போட்டது. இங்கிலாந்து அதைத் தன் சட்டமாக எழுதியபோது பின்பக்கம் ஒரு கதவைத் திறந்து விட்டிருந்தது. வேறொரு முறையான வேலை செய்யும்போது தற்செயலாக நடந்துவிட்டால் தப்பிக்கொள்ளலாம். "பூட்டு நல்ல பூட்டுத்தான். திறப்பைக் கள்ளனிட்டக் குடுத்திட்டாங்கள்" என்று பஸ்சில் நீ சொன்னதற்கு, முன் சீட்டில் இருந்த யாரோ ஒரு தமிழ் ஐயா திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கூட்டத்தில் தலைவர் கடைசியாக ஒன்று சொன்னார். அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. "பிள்ளை, வௌவாலின்ர வீட்டுக்குச் சட்டம். எங்கட வீட்டுக் கூரையெல்லாம் போகேக்க ஆர் சட்டம் போட்டவை?"

அங்கிருந்த எல்லாருக்கும் ஊரில் போருக்குள் ஒரு கூரை போயிருந்தது. உனக்கும்தான். நீ எழும்பி நின்று, மிக மெதுவாகச் சொன்னாய்: "ஒருத்தரும் போடேல்லை, அண்ணை. அதாலதான் சொல்லுறன்."

அதற்குமேல் வாதாடாமல் ஐயரிடம் திரும்பினாய். "ஐயா, மூலஸ்தானத்தில வேலை செய்யிறதெண்டா முதல் என்ன செய்வியள்?" ஐயர் வடையை வாயிலிருந்து எடுத்தார். "பாலஸ்தாபனம் செய்யோணும். பக்கத்தில சின்னனா ஒரு பாலாலயம் கட்டி, சுவாமியை அங்க எழுந்தருளப் பண்ணிப்போட்டுத்தான் பழைய இடத்தில வேலை துவங்கலாம்." "சுவாமி இடம் மாறேல்லையெண்டா?" "ஒரு ஆணியும் புடுங்கேலாது." "அப்ப ஐரோப்பாச் சட்டமும் அதைத்தான் கேக்குது. முதல் வேற இடம் குடு, அதுகள் வெளிக்கிட்ட பிறகு கூரையைப் பிரி. வௌவாலுக்கும் ஒரு பாலாலயம்."

"சுவாமியும் வௌவாலும் ஒண்டோ?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஐயர்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கினார். கூரை வேலை புரட்டாதிக்குப் போனது, கும்பாபிஷேகம் மாசிக்குப் போனது. லண்டன் மாசிக் குளிரில் கூரை மேல் ஏறி, வெறும் மேலோடு நின்று கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றியபோது தலைவரின் பல் நாதஸ்வரத்தைவிடச் சத்தமாக அடித்தது. அவர் மேலிருந்து உன்னைப் பார்த்த பார்வையை நான் எப்படி மறப்பேன்! நீ ஸ்வெட்டருக்கு மேல் சேலை கட்டிக்கொண்டு பக்தியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தாய். கள்ளி.

கூரையைப் பிரிக்க முதலே, அதற்குக் கீழே, தெற்குச் சுவரில், வௌவாலுக்கென்று மரத்தால் ஒரு கூடு அடிக்கப்பட்டிருந்தது. ஐயர் அதற்கும் விபூதி பூசினார். ஆனால் நம் ஆட்கள் லேசில் மறக்கிறவர்களா? உன்னை "வௌவால் அக்கா" என்றார்கள். திருவிழா உபயகாரர் வரிசையில் உன் பெயர் காணாமல் போனது. நீ அழுவாய் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். செருப்பு வைக்கும் இடத்தில் நீ மனுவோடு போய் நின்றுவிட்டாய். சட்டத்தின் அந்தப் பின்கதவை மூடச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு. கையெழுத்துப் போடாதவர் செருப்பைத் தொட முடியாது. உன்னோடு பேசாத குடும்பங்கள்கூடக் கையெழுத்துப் போட்டன. மழையில் வெறுங்காலோடு எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்?

ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்த பொதுக் கூட்டம் நினைவிருக்கிறதா? ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். உன் கேள்விக்கு, இது சிக்கலான விஷயம் அம்மா என்று ஆங்கிலத்தில் இனிமையாகச் சொன்னார். நீ உட்காரவில்லை. சிக்கலாக இருப்பதால்தானே சீப்போடு உங்களை அனுப்பினோம் என்று நீயும் ஆங்கிலத்தில் சொன்னாய். கூட்டம் கைதட்டியது. நான் விசில் அடித்தேன், அந்த வயதில்.

முதல் கோடையில் கூடு வெறுமையாகக் கிடந்தது. தலைவர் தினமும் அதை அண்ணாந்து பார்த்து, "வாடகைக்கு ஆள் வரேல்லையோ?" என்பார். அடுத்த மாரிக் குளிரில் மார்பில் வந்த நோய் உன்னைக் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியில் இந்தப் பெட்டியை என் மடியில் வைத்து, "வரும். நீ போய்ப் பார்" என்றாய். உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதற்கு அது பதிலா? எனக்கு அன்று உன் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

போய்ப் பார்த்தேன். வைகாசிப் பொழுது சாயும் நேரம். பெட்டி முதலில் சும்மா இரைந்தது. பிறகு ஈரமான தட்டல் போல ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல். கூட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக விழுந்து பறந்தன. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி சன்னலைத் திறந்து பார்த்தாள். பார்க்கட்டும்.

இன்னொன்றும் நடந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் இங்கிலாந்தின் சட்டம் போதாது என்றது. பிறகு அந்தப் பின்கதவு மூடப்பட்டது. நம் மனுவாலா என்றால், இல்லை. எத்தனையோ பேர் தள்ளிய கதவு அது. ஆனால் தள்ளிய கைகளில் செருப்பில்லாமல் நின்ற பிளேஸ்டோக்காரரின் கையும் உண்டு. அதை எவரும் இல்லையென்று சொல்லட்டும் பார்ப்போம்.

பூசைக்கு நேரமாகிறது. மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கூரைமேல் இருக்கிற கோபுரத்துக்குப் பெரிய மின்விளக்குகள் போடப் போகிறார்களாம், தெற்குச் சுவரில், கூட்டின் வாசலுக்கு நேரே. கூட்டை யாரும் தொடப்போவதில்லை, அதனால் சட்டத்தில் மாட்டாது என்று கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் விழும் வாசலால் அவை இரை தேடப் புறப்படா, குட்டிகள் பட்டினி கிடக்கும் என்றேன். தலைவருக்கு வயது போய்விட்டது, குரல் போகவில்லை. "ஊரெல்லாம் சட்டம் கூடிப்போச்சு, குறையுங்கோ எண்டு கேக்கினம். இனி ஒருத்தரும் வந்து கேக்க மாட்டினம். கேக்கிறவளும் போயிட்டாள்."

நான் பெட்டியை மேசையில் வைத்து முடுக்கினேன். பகலில் வௌவால் ஏது? வெறும் இரைச்சல்தான். ஆனாலும் எல்லாரும் அதையே பார்த்தார்கள். எல்லாருக்கும் அது யாருடையது என்று தெரியும்.

"அவள் சும்மா போகேல்லை, அண்ணை" என்றேன். "பாலஸ்தாபனம் செய்துபோட்டுத்தான் போனவள். பாலாலயம் நான்தான். இப்ப என்னட்டக் கேளுங்கோ."

ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கைத் தெருப் பக்கச் சுவரில் போட்டால் பஸ்சில் போகிறவர்களும் கும்பிடுவார்களே என்றார். தலைவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அந்த இரைச்சலை நிப்பாட்டு பிள்ளை. தெருப் பக்கமே போடுவம்" என்றார்.

அதோடு விடுவேன் என்று நினைக்கிறாயா? கூட்டைக் காக்கிற சட்டம், கூட்டிலிருந்து இரைக்குப் போகிற வழியைக் காக்காவிட்டால் அது பாதிச் சட்டம். சட்டத்தைக் குறை என்று கேட்கிறவர்களுக்கு, இன்னும் கூட்டு என்று சொல்லி, இன்று பின்னேரமே புது மனு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை பெரிய பூசை, நல்ல கூட்டம் வரும், மழையும் வருமாம்.

செருப்பு வைக்கும் இடத்தில் நான் நிற்பேன்.