ஆயிஷாவின் கூடுதல் பல்

செவ்வாய்க்கிழமை, ஐப்பசி 11

பல் டாக்டரிடம் உதவியாளராக நாற்பது வருடம் எத்தனையோ வாய்களைப் பார்த்துவிட்டேன். இன்று காலை ஒரு வாயைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. காயல்பட்டினத்திலிருந்து வந்த ஏழு வயதுப் பிள்ளை, பெயர் ஆயிஷா. மேல் முன்பற்களுக்கு நடுவில் ஆணி மாதிரி ஒரு கூடுதல் பல். என் மகள் எஸ்தருக்கும் அப்படியேதான் இருந்தது. எஸ்தர் தான் விரும்பியவனோடு போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஒருமுறை வந்து கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை.

பிள்ளையைக் கூட்டி வந்த மாமி சொன்னாள்: “இவ உம்மாவுக்கும் இந்தப் பல்லு இருந்துச்சு. போன நோன்புல மௌத்தாயிட்டா, பாவம்.”

“அவ பேரு என்ன?” என்றேன்.

“எஸ்தர். இந்த ஊர்க்காரிதான். சாவுத வரைக்கும் அம்மா வருவாங்கன்னு பாத்துக்கிட்டே கெடந்தா.”

டாக்டர் பல்லை எடுக்க வந்தபோது ஆயிஷா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். “வலிக்குமா?” என்றாள். “வலிக்காது, கண்ணு” என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

வீட்டில் என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பிடும்போது, “ஏட்டி, ஏன் பேசமாட்டுக்க?” என்று கேட்டார். தலைவலி என்றேன்.

வியாழக்கிழமை ஆயிஷா புண்ணைக் காட்ட மறுபடி வருவாள். நான் முகக்கவசத்தைக் கழற்றினால் அவளுக்குத் தெரிந்துவிடும். எஸ்தருக்கு என் முகம்தான்.