முதல் பத்தி வரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நடமாடுகிறாள், கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள், என் சமையலை வழக்கம்போலக் குறை சொல்கிறாள்.

அவள் உன்னிடம் போனில் சொன்னதை நம்பாதே. டிக்கெட்டை ரத்து செய்திருந்தால் உடனே வேறு எடு.

லேபில் என் வேலை உனக்குத் தெரியும். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே பேசிப் பதிவு செய்வார், நான் அதைக் காதில் மாட்டிக்கொண்டு டைப் அடிப்பேன். அவர் சாம்பிள் எண்ணை மட்டும்தான் சொல்வார். பெயரைக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்து நான் நிரப்ப வேண்டும். செல் சுருங்கினால் அட்ரோபி, பெருத்தால் ஹைப்பர்ட்ரோபி, செத்தால் நெக்ரோசிஸ். பதினாறு வருடமாக அது யாருடைய செல் என்று நான் யோசித்ததில்லை. யோசித்தால் ஒரு நாளைக்கு நாற்பது ரிப்போர்ட் நகராது.

அம்மாவுக்குத் தொண்டைக்குள் டியூப் விட்டு எடுத்த சதைத்துணுக்கு எங்கள் லேபுக்குத்தான் வரும் என்று தெரியும். எப்போது என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை இருபத்தேழாவது ரிப்போர்ட் அடித்தேன். உணவுக்குழாய். ஒரு எழுத்துப் பிழை இல்லை, டாக்டர் விட்ட கமாவைக்கூட நானே போட்டேன். பிறகு பதிவேட்டைத் திறந்தால் அம்மா பெயர். பெயரை அடித்தேன், வயதை அடித்தேன், உறையில் போட்டு ஒட்டினேன். அடுத்து இருபத்தெட்டாவதை அடித்தேன். நான் என்ன கல்லா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

மறுநாள் அந்த உறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா படிக்கச் சொன்னாள். முதல் பத்தியைப் படித்தேன். அது மெட்டாப்ளேசியா. வருடக்கணக்காக வயிற்று அமிலம் மேலே ஏறிச் சுட்டதில், குழாயின் உள்பக்கச் செல்கள் அதைத் தாக்குப்பிடிக்க வேறு வகைச் செல்களாக மாறிக்கொண்டன என்று அர்த்தம். அதுவரை உண்மைதான். இரண்டாவது பத்தியில், மாறிய செல்கள் கட்டுமீறி அடுத்த அடுக்குக்குள் இறங்கிவிட்டன, புற்று என்று இருந்தது. அதைப் படிக்கவில்லை. அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

அம்மாவுக்கு ஒரே குஷி. பாத்தியாடி, இந்த வீட்ல சொல்லாமலே அனுசரிச்சுப் போறது என் தொண்டைக்குள்ள இருக்கறது மட்டும்தான் என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அப்புறம்தான் உனக்குப் போன் போட்டு, லீவை வீணாக்காதேடா, வர வேண்டாம் என்றாள்.

அம்மாவுக்குத் தெரியாமல் ரிப்போர்ட்டை ஆபரேஷன் டாக்டரிடம் காட்டினேன், இரண்டு வாரத்துக்குள் முடிவு கேட்கிறார். இப்போதே வெட்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறதாம், தள்ளிப்போட்டால் சொல்ல முடியாதாம். கையெழுத்து அம்மாதான் போட வேண்டும். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே, ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி கத்தி என்று எழுந்து போய்விடுகிறாள். என் வாயை நானே கட்டிக்கொண்டேன். நான்கு நாள் போய்விட்டது. தினமும் உறையை வெளியே எடுக்கிறேன், திரும்ப உள்ளே வைக்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை தம்பி. வந்தால்கூட நன்றாக இருக்கும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். நேற்றுக் குழம்பில் உப்பே இல்லை என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது, நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

நான் சொன்னது பொய் என்று நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். அவள் எவ்வளவு திட்டினாலும் நீ குறுக்கே வராதே. இரண்டாவது பத்தியையும் நானே படிக்கிறேன், அது எனக்கு மனப்பாடம். ஆனால் அப்போது அவள் முகத்தை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் அது முடியாது. நீ வா.

வழியெல்லாம் பத்திரம். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அக்கா