உன் மகளைத் தாராபுரத்துக்கு அனுப்பிவிட்டேன், சவரி

என் அன்பு மச்சான் சவரிமுத்துவுக்கு,

நீ உயிரோடு இருந்தால் உருண்டு உருண்டு சிரித்திருப்பாய் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் கோர்ட்டுக்கு நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று, கம்பெனியில் ஏற்றுமதிக்கு ஆகாமல் கழித்துப்போட்ட காலர் பனியன் ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். முதுகில் இங்கிலீஷில் பெரிதாக ஏதோ இருந்தது. திருப்பூரில் முதுகில் எழுத்து இல்லாத ஆள் யார்? எட்டாவதோடு நின்ற நான் எழுத்துக்கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. வராந்தாவில் எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் சிரிக்க, எங்கள் வக்கீலம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"முதுகுல என்ன இருக்குன்னு தெரியுங்களா? 'எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது'ன்னு இருக்குங்க. இதைப் போட்டுட்டு வந்துதான், ஒரு பொண்ணைப் பொறுப்புல குடுங்கன்னு ஜட்ஜ்கிட்ட கேக்கப்போறீங்களாக்கும்."

கக்கூசுக்குள் ஓடி, பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டேன். தோளிலும் விலாவிலும் ஓவர்லாக் தையல் பல்லைக் காட்ட, அப்படியேதான் ஜட்ஜ் ஐயா முன்னால் நின்றேன். இதுவரைக்கும் சிரித்துக்கொள், மச்சான். இதற்குமேல் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

எண்பத்தாறில் நீயும் அமலியும் ரெண்டு வயசு ரோஸியை எங்களிடம் விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனீர்கள். பஸ் கவிழ்ந்தது. உங்கள் இரண்டு பேர் அடக்கத்துக்கும் உன் அண்ணன் தாராபுரத்திலிருந்து வந்தார். உன்னோடு பேச்சு வார்த்தை இல்லாத மனுஷன், குழியோரம் நின்று அழுதார், குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டார். நெருப்பெரிச்சல் ஊரில் அடுத்தடுத்த ஊடு நம்முடையது. ரோஸி ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு வந்தாள், அவ்வளவுதான்.

எங்களுக்கோ பிள்ளை இல்லை. வந்த புதிதில் அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். நான்தான் திருத்தினேன். "அப்பா அதா இருக்காரு கண்ணு, நான் மாமா" என்று உன் படத்தைக் காட்டினேன். அமலி என்னை அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். நீ விட்டுப்போன இடத்தில் நான் எப்படி உட்காருவது? தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் என் பொண்டாட்டி சரசு எங்கள் முருகனுக்குக் கற்பூரம் காட்டுவாள், ரோஸி உன் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை நான்தான் சர்ச்சில் கொண்டுபோய் விட்டு, வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன வருஷம் உன் அண்ணன் வந்தார். மனசு உறுத்தித் தூக்கம் போயிற்று, தம்பி பிள்ளையை எங்கள் வேதத்தில், எங்கள் சனத்தோடு வளர்க்கிறேன் என்றார். கெட்டவர் இல்லை, சவரி. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

தத்து எடுத்துக்கொள்கிறேன் என்று வக்கீலம்மாவிடம் போனேன். இந்து ஒருத்தன் இந்துக் குழந்தையைத் தத்தெடுக்கத்தான் சட்டம் இருக்கிறதாம். கிறிஸ்தவக் குழந்தைக்குத் தத்து என்று எழுதிய சட்டமே இல்லையாம். பாதுகாவலராகத்தான் கேட்கலாமாம். அந்தச் சட்டத்திலும் குழந்தைக்கு நல்லது எதுவோ அதைப் பார் என்று இருக்கிறதே தவிர, எது நல்லது என்று எழுதவில்லையாம்.

"அப்பறம் ஜட்ஜ் எதைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுவாருங்க?" என்றேன்.

"சட்டம் பேசாத எடத்துல நீதி, நியாயம், மனசாட்சி. அதைப் பாத்துத்தாங்க."

எனக்குப் பெரிய சந்தோஷம். மனசாட்சிதானே, நம் பக்கம்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உன் நினைப்பும் வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பிய அளவுத்தாளில் ஒரு அளவு விட்டுப்போயிருந்தால், கட்டிங் டேபிளில் நீ கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, போடப்போகிறவன் தோள் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி யோசிப்பாய். ஜட்ஜ் ஐயாவும் அப்படித்தான் யோசித்தார். அவசரப்படவில்லை. ரோஸியைப் பக்கத்தில் கூப்பிட்டு, நாங்கள் யார் என்று கேட்டார்.

"மாமாங்க, அத்தைங்க."

அப்பா எங்கே என்று கேட்டார். சாமிகிட்ட இருக்கிறார், தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்றாள். யாரோடு இருக்க ஆசை என்றதற்கு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மாமா சொல்றபடிங்க" என்றாள். அடக்கமாக வளர்த்திருக்கிறோமே!

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நம்மூர்க்காரன் பெரிய மனுஷர் முன்னால் என்ன சொல்வான்? கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "ஐயா பாத்து எது நியாயமோ அப்படியே செஞ்சுடுங்க."

அப்படியே செய்துவிட்டார். தீர்ப்பில் என்னை ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்திருக்கிறார். தகப்பன் இடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் ஏழு வருஷம் காத்த நல்ல மனிதராம். அப்படிக் காத்த இடம் தகப்பன் குடும்பத்துக்கே போவதுதான் நியாயமாம். வக்கீலம்மா படித்துச் சொன்னபோது எங்கே குறை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. லஞ்சம் வாங்கியவர் என்றால் திட்டலாம். மனசாட்சிப்படி சொன்னவரை என்ன செய்வது? நீயே சொல். அவர் இடத்தில் நீ இருந்திருந்தால் துணியை வேறு மாதிரி வெட்டியிருப்பாயா?

மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீலம்மா. அங்கேயும் போய் அவள் மாமா என்றுதானே சொல்வாள்.

ரோஸி போய்விட்டாள். பெட்டி கட்டும்போது உன் படத்தை மட்டும் எடுக்கவில்லை. "அப்பா உங்களுக்குத் தொணைக்கு இருக்கட்டுங்க மாமா" என்றாள். இப்போது மெழுகுவர்த்தியைச் சரசுதான் ஏற்றுகிறாள், ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். காதர்பேட்டை பனியன் கடைகள் பக்கம் போனால் கை தானாகச் சின்ன சைஸைத் தேடுகிறது. அந்தக் காலர் பனியனை மிசின் துடைக்கப் போட்டுவிட்டேன். கம்பெனி ஓடுகிறது, நானும் ஓட்டுகிறேன்.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன், மச்சான். லீவு விட்டால் தாராபுரம் போவேன். உன் அண்ணன் ஊட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு வருவேன். அவரைப் பற்றி அவளிடம் ஒரு குறையும் பேசமாட்டேன். அவள் மாமா என்று கூப்பிட்டால் ஏன் கண்ணு என்றுதான் கேட்பேன்.

ஆனால் அன்றைக்கு ஜட்ஜ் ஐயா என்னைப் பார்த்துக் கேட்டாரே, அப்போது தொண்டை வரைக்கும் வேறொன்று வந்து நின்றது. சரசுவிடமும் சொல்லவில்லை, உன் படத்துக்கு முன்னால் நின்றும் சொன்னதில்லை. இங்கே எழுத மட்டும்தான் கை வருகிறது.

அவ எம்பொண்ணுங்க சாமி.

உன் மச்சான்,
ரோஸியின் மாமா,
பழனிச்சாமி