பானையை விட்டு எழுந்த அப்பா

என் செல்ல மகன் ஒமாய்டோவுக்கு,

உன்னைப் பெற்ற அமூகே எழுதுவது. நீயும் மருமகள் அகுருட்டும் எல்லை தாண்டி ஜூபாவில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா, பாப்பாவுக்கு இருமல் விட்டதா, வேலை இடத்தில் உன்னை வெயிலில் நிற்க வைக்கிறார்களா, எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். இங்கே நானும் ஆடுகளும் நலம். உன் அப்பாவை அப்படி ஒரு சொல்லில் எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் நீ "அப்பா எப்படி இருக்காரு" என்று கேட்கும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் "நல்லா இருக்காரு" என்று சொல்லிவிடுகிறேன், வேறு என்ன சொல்வது. அதனால் இதை ஜூபா பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ பயப்படாதே, அவர் இன்னும் குடிக்கவில்லை. ஈரல் போய்விட்டது, இனி ஒரு வாய் பட்டாலும் பொறுப்பு எங்களுடையதல்ல என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து ஒரு சொட்டு கூட இல்லை. ஆனால் விட்ட பிறகு ஆள் எங்கே போய் உட்காருவது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவர் சிநேகிதன் எக்வாரு வீட்டு முற்றத்துக் கேழ்வரகுக் கள்ளுப் பானையைச் சுற்றித்தானே இந்த ஊரே இருக்கிறது. யார் மாட்டுக்கு நோய், யார் மகளுக்கு எத்தனை மாடு பரிசம் கேட்கலாம், யார் ஏர் நாளைக்கு யார் நிலத்துக்கு, எல்லாம் அங்கே பானைக்குள் விட்ட நீளக் குழலை வாயில் வைத்துக்கொண்டு பேசி முடிப்பதுதான். பொழுது சாய்ந்தால் உன் அப்பாவுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஆட்டிடம் அரசியல் பேசுகிறார். கடலைக் கொல்லையில் களை எடுக்க ஆள் கூப்பிடப் போனேன், வேலைக்கு வருகிறவர்களுக்கு வழக்கமாகத் தரும் கள் கிடையாது, சர்க்கரை போட்டு டீ தருகிறேன் என்றேன். "டீயக் குடிச்சுட்டு குனிஞ்சா நிமிர முடியுமா அமூகே" என்று சிரித்தார்கள். பாதிக் கொல்லை காடாகக் கிடக்கிறது.

துணை தேடி நான் போகாத இடமில்லை மகனே. ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன், அங்கே அவரை முன்னால் நிறுத்தி, குடித்துவிட்டு என்னென்ன செய்தாய் என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். சனங்கள் அல்லேலூயா போடப் போட அவர் தலை குனிந்துகொண்டே போனது. வரும் வழியில், "நான் குடிச்சத ஊரே பாத்துச்சே, மறுபடி எதுக்கு நான் வேற சொல்லணும்" என்றார், அப்புறம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண் குடியை விடுகிறவர்களை மரத்தடியில் கூட்டி உட்கார வைத்துப் பேசுவாள். சாராயப் பாக்கெட்டில் அழிந்த இளவட்டங்கள்தான் நிறைய, அவர்கள் இவரைத் தாத்தா தாத்தா என்று சுற்றிக்கொண்டார்கள், அங்கே போகும் நாளில் காலையிலேயே சட்டையைத் தேய்த்து வைப்பார். அந்தப் பெண்ணை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரமும் உன் அப்பா போய் அந்த மரத்தடியில் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தார். 

கடைசியில் வெட்கத்தை விட்டு நானே எக்வாருவிடம் போனேன், கள் கொடுக்காமல் உன் சிநேகிதனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள் என்று கேட்டேன். அவன் அழுதுவிட்டான். "அவன் எடம் அப்படியே கெடக்கு அண்ணி, ஒருத்தனையும் அதுல ஒக்கார விடல" என்றான். அவனும் மற்றவர்களும் கூடிப் பேசி உன் அப்பாவுக்கென்று ஒரு குட்டிப் பானை வாங்கி வைத்தார்கள். பெரிய பானையில் புளித்த மாவின் மேல் வெந்நீர் ஊற்றும்போது அதிலும் வெறும் வெந்நீரை ஊற்றுவார்கள், அவர் புதுக் குழல் ஒன்று போட்டு அதை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கெழவனுக்கு மாமியார் வீட்டு விருந்துடா" என்று கேலி செய்வார்களாம். செய்யட்டுமே, மனிதர் சிரித்துக்கொண்டு வீடு வந்தார், களியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் முட்டாள் மாதிரி ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டேன்.

பாவம் எக்வாரு, பாசத்தால்தான் செய்தான். அப்பாவின் பழைய குழலைக் கூரையில் செருகிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான், ஒரு நாள் அதை எடுத்து வந்து, "ஒன் கொழல வேற யார் வாயிலயும் வெக்க விடலடா" என்று கையில் கொடுத்திருக்கிறான். கொடுத்ததை மறுப்பதா என்று இவரும் அதை வெந்நீரில் விட்டு உறிஞ்சியிருக்கிறார். நுனியில் இருக்கும் சல்லடையில் பழைய கள்ளு மாவு காய்ந்து ஒட்டியிருந்தது யாருக்குத் தெரியும், வெந்நீர் பட்டதும் கள் ருசி நாக்கில் ஏறிவிட்டது. ஓடி வந்தார் மகனே, அந்த வயதில் ஓடி வந்தார். "அமூகே, கதவப் பூட்டு, சாவிய ஒளிச்சு வை, நான் கேட்டா குடுக்காத" என்றார். அப்புறம் கேட்டார். கெஞ்சினார், என் அம்மாவை இழுத்துத் திட்டினார், குழந்தை மாதிரி அழுதார். நான் கொடுக்கவில்லை. அன்றோடு பானைப் பக்கம் போவதும் நின்றது. எக்வாரு தினமும் வேலியோரம் வந்து மன்னிப்புக் கேட்கிறான், வரும்போதே கள் வாசத்தோடு வருகிறான், இவர் உள்ளே இருந்தபடி, "கோவமில்லடா, கிட்ட வராத, போ" என்கிறார். இரண்டு பேரையும் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இப்போது நீ கிறிஸ்துமஸுக்குப் பாப்பாவைப் பெயர் வைக்கக் கொண்டுவருகிறாய். சந்தோஷம்தான், ஆனால் அதற்குக் கள் நம் வீட்டிலேயே காய்ச்ச வேண்டும், நான் விரலை அதில் நனைத்துப் பாப்பா வாயில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டும், எந்தப் பெயருக்குச் சப்புகிறாளோ அதுதான் அவள் பெயர். பாலில் நனைக்கலாமா என்று உன் அத்தையிடம் கேட்டதற்கு, "என்ன, கன்னுக்குட்டிக்கா பேரு வெக்கிறீங்க" என்றாள். உன் அப்பாவும், எனக்காக முறையை மாற்றாதே என்கிறார். அன்றைக்கு அத்தை ஊருக்குப் போய் இருந்துகொள்கிறாராம். பேத்திக்குப் பெயர் வைக்கும்போது தாத்தா திருடனைப் போல ஒளிந்திருப்பதா. இருங்கள் என்று சொல்லவும் பயம், போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

நீ கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடு. புத்தி சொல்ல வேண்டாம், அதற்கு ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார், போதும். எல்லையில் யாராவது பாட்டிலைக் கையில் கொடுத்தால் வாங்காதே, பரிசு என்றாலும் வாங்காதே. பாப்பாவுக்குக் கம்பளி மறக்காதே, பஸ்ஸில் காற்று அடிக்கும். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைக்கு வேலையும் வேலைக்குக் கூலியும் குறையாமல் இருக்கட்டும்.

இன்னும் எழுதலாம், அவர் கூப்பிடுகிறார். என் தோள்பட்டை வலியால் கள்ளுக்கான புளித்த மாவை என்னால் கிளற முடியவில்லை, ஆம்பளை மாவு வறுப்பதை ஊர் பார்த்தால் சிரிக்கும் என்று சமையலறைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி அவரே வறுத்துக்கொண்டிருக்கிறார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை, என் பேத்திக்கு நான் இதையாவது செய்கிறேன் என்கிறார். கள் வாசம் ஏறக் கூடாதென்று மூக்கைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறார். வாசத்தை வைத்துத்தான் பக்குவம் தெரியும். "அமூகே, நீ வந்து மோந்து பாத்துச் சொல்லு" என்று இதோடு மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார். போகிறேன்.

உன் அம்மா,
அமூகே