ஊர் என்ற காலியிடம்

8 செப்டம்பர் 2025, திங்கள்

காலையில் டாக்டர் ஷெரின் எங்கள் கண் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பிரிவுக்கே வந்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் கண் சொட்டு மருந்தில் ஒரு பேட்ச் சரியில்லையாம். அதை வாங்கிப்போனவர்களை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். நல்லவேளை, போன மாதம் தேடலுக்கு ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தேன். மருந்து, பேட்ச் எண், ஊர் மூன்றையும் நிரப்பினால் போதும். டிஸ்சார்ஜ் குறிப்புகள் முழுக்கத் தேடிவிடும். ஐந்தே நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பெயர். டாக்டர் பாராட்டினார்.

9, செவ்வாய்

எல்லாருக்கும் போன் செய்தாயிற்று. யாருக்கும் தொந்தரவில்லை. ஆனாலும் பட்டியலை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

10, புதன்

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பட்டியலில் அத்தனை பேரும் ராஜபாளையம். பக்கத்துச் சேத்தூர் ஆள் ஒருத்தர்கூட இல்லையே?

எல்லா ஊரும் வரட்டும் என்று ஊரைக் காலியாக விட்டிருந்தேன். காலியாக விட்டால் ‘ராஜபாளையம்’ என்று எடுத்துக்கொள்ளும்படி, சோதித்துப் பார்த்த அன்று நானேதான் வைத்திருந்தேன். அதை எடுக்க மறந்துட்டேன். மறந்தே போயிட்டேன், யா அல்லாஹ்.

திருத்தித் தேடினால் அறுபத்தொன்று. இருபத்து மூன்று பேர் இன்னும் அந்த மருந்தை விட்டுக்கொண்டு—

புதுப் பட்டியல் என்று நீட்டிவிடலாம். யாருக்குத் தெரியும்? இல்லை, டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். டாக்டர் புதுப் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

“பொறவு பேசிக்கிடுவோம் ஃபஸீலா. மொதல்ல போனை எடு.”

இருபத்திரண்டு பேர் கிடைத்தார்கள். மம்சாபுரம் சண்முகத்தாய் போன் மட்டும் அணைந்தே கிடக்கிறது.

11, வியாழன்

விடிந்ததும் ஆம்புலன்ஸ் ஜெபக்குமார் அண்ணனோடு மம்சாபுரம் போனேன். சண்முகத்தாய் ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து உறுத்தல், ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து மருந்தை நிறுத்தவே இல்லை.

அவரை வண்டியில் ஏற்றியதும் சொன்னேன். திங்கட்கிழமையே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், விட்டது நான்தான் என்று. அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன்.

“கண்ணு போயிருமா, ஏட்டி?” என்று மட்டும் கேட்டார்.

ஜெபக்குமார் அண்ணனை வேகமாக ஓட்டச் சொன்னேன்.

14, ஞாயிறு

கிருமித் தொற்றாம்; சண்முகத்தாயின் கண்ணுக்குள் ஊசி போட்டிருக்கிறார்கள்.

23, செவ்வாய்

சண்முகத்தாய்க்கு மறுபரிசோதனை. அந்தக் கண்ணால் பார்வை அட்டையில் நான்காவது வரிவரை படித்தார். ஐந்தாவதில் நின்று, “அம்புட்டுதான் தெரியுது” என்றார். போன வாரம் முதல் வரியே தெரியவில்லை என்றார் டாக்டர்.

படியில் கை நீட்டினேன். என் கையைப் பிடிக்காமல், சுவரைத் தொட்டுத் தானே இறங்கினார். வாசலில் நின்று, புதிதாகக் கொடுத்த மருந்தைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஒருக்கா நீயே வாசிச்சுச் சொல்லு.”

லேபிளை முழுவதும் வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.